அனுப்பும் காரணம்

வங்கிப் படிவத்தின் கடைசிக் கட்டம்
எதற்காக இந்தப் பணம் என்று கேட்கும்.
முதல் மாதம் யோகரூபன் எழுதினான்,
தமிழை இங்கிலீஷ் எழுத்துக்குள் நெளித்து:
'உனக்கில்லை'.

சரிதான்.
எனக்கில்லை என்றுதான் கெஸ்லர் அம்மணியும் சொன்னாள்.
வூப்பர்தால், இளையோர் நலப் பணிமனை, இரண்டாம் மாடி,
வாடிய செடிக்குப் பக்கத்துக் கதிரை.
"இது உங்கள் பணமுமில்லை, அவர் பணமுமில்லை.
பிள்ளையின் பணம். தூக்கி வரும் பை நீங்கள்."
பை என்றால் பை.
கீழே இறங்கித் தொங்குரயில் ஏறினேன்,
தலைக்கு மேலே தண்டவாளம், காலுக்குக் கீழே ஆறு.

அவளிடம் ஒரு அட்டவணை இருந்தது.
பக்கவாட்டில் பிள்ளையின் வயது, குறுக்கே தகப்பனின் சம்பளம்.
இரண்டும் முட்டுகிற கட்டத்தில்
மிதுனாவின் பாலுக்கும் பேருந்துக்கும் கணக்குக் கொப்பிக்கும்
ஒற்றை இலக்கம்.
அவள் இரவில் பயந்து எழும்புவதற்கு
நிரல் இல்லை.
நான் கேட்கவுமில்லை.

பிறகு அவன் வேலை செய்த பாண் தொழிற்சாலை மூடிற்று.
ஒன்றாம் திகதி வந்தது, பணம் வரவில்லை.
"காசு தராதவனுக்குப் பிள்ளையைக் காட்டாதே"
என்றார் அண்ணா, டொரண்டோவில் இருந்து,
அங்கே அப்போது விடிகாலை நான்கு மணி.
கெஸ்லர் அம்மணி தலையாட்டி மறுத்தாள்:
அது வேறு, இது வேறு.
தகப்பனைப் பார்க்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு,
காசு அதற்கு நுழைவுச்சீட்டு அல்ல.
சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து நின்றான்,
வெறுங்கை, சவரம் செய்யாத முகம்.
குளிர்ச்சட்டையைப் பூட்டி மகளை அனுப்பினேன்.
பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன், பொய் சொல்லமாட்டேன்.

ஏழு மாதம்
அரசாங்கம் என் மகளுக்குத் தகப்பனாக இருந்தது.
ஒரு நாளும் பிந்தவில்லை.
அப்பன் பெயரில் கடன் எழுதிக்கொண்டு
சோறு போட்டது.
பள்ளி நாடகத்தில் அவள் மரமாக நின்றபோது
பார்க்க வரவில்லை.
அவன் வந்தான், கடைசி வரிசையில்.

எட்டாவது மாதம் பொதிக் கிடங்கில் இரவு வேலை கிடைத்தது.
மறுபடி அந்தக் கட்டம் நிரம்பத் தொடங்கியது.
'மார்ச்.'
'ஏப்ரல். பழைய பாக்கி கொஞ்சம் அரசாங்கத்துக்குக் கட்டினேன்.'
'மே. பல்லுக்குக் கம்பி போட்டால் நோகுமா?'

வங்கி ஒரு வழிப்பாதை,
பதில் எழுத அங்கே இடமில்லை.
இரண்டு நாள் யோசித்தேன்.
ஒரு சதம் அனுப்பினேன் அவன் கணக்குக்கு.
காரணம்: 'நோகும். கஞ்சிதான் குடிக்கிறாள்.'

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு சதம் போகிறது.
'சப்பாத்து அளவு முப்பத்தெட்டு.'
'கணக்கில் இரண்டு எடுத்தாள்.' இங்கே இரண்டு நல்ல புள்ளி,
அவனுக்குத் தெரியும்.
மன்னிப்பு என்று யாரும் எழுதவில்லை.
நூற்று நாற்பது எழுத்துக்குள் அது அடங்காது.

மிதுனாவுக்குப் பன்னிரண்டு பிறக்கிற மாதம்
கடிதம் வந்தது: ஒரு படி ஏறுகிறது,
தொண்ணூற்று நாலு யூரோ கூடும்.
அவனுக்கும் அதே கடிதம், அதே நாள்.
அடுத்த மேசையில் இருந்து குறைசொல்வான் என்று
நான்தான் வீணாகக் காத்திருந்தேன்.
முழுத்தொகை வந்தது. காரணம்:
'இவ்வளவு வளர்ந்துவிட்டாளா.'
கேள்விக்குறி போடவில்லை.

வங்கிப் பட்டியலை அவளே எடுத்துப் பார்த்துவிட்டாள்.
"அம்மா, ஏன் அப்பாவுக்கு ஒவ்வொரு மாசமும் ஒரு சதம்?"
அரிசி கொதித்துப் பொங்கியது, அடுப்பைத் தணித்தேன்.
தபால் செலவு என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மெதுவாக வாசித்துக்கொண்டே போனாள்,
உதடு அசைய, இங்கிலீஷ் எழுத்துக்குள்ளே இருந்து
தமிழை ஒவ்வொன்றாய் நிமிர்த்தி.
முதல் மாதத்தின் வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.
"பதினெட்டு வயதானால் காசு நேரே எனக்குத்தானே வரும்?"
ஓம்.
"அப்போ இந்த வரியும் எனக்கா?"

ஆறு வருடம். எழுபத்திரண்டு வரி.
பையின் அடியில்
சில்லறை கிலுங்கிற்று.