வெந்நீருக்கு எண்பத்தொன்பது வெள்ளி

செத்தாப்பாக்கில்
ஆயர் பானாஸ் என்று சாலைக்கு இன்னும் பெயர் இருக்கிறது.
வெந்நீர் எங்கே என்று பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை.
கார்க் கண்ணாடிக் கடைக்கும் பல் டாக்டருக்கும் மேலே
நான்காவது மாடியில்
ஜப்பானிய வெந்நீர் ஹோட்டல்.
புதன்கிழமை இரவென்றால் எண்பத்தொன்பது வெள்ளி.
காலைச் சாப்பாடு சேர்த்தி இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவையறையில் எனக்கு வேலை.
பதினோரு வருடமாக ஆவி முகத்தில் அடிக்கிறது.
"லீவு போட்டுட்டு வெந்நீருக்கா போறே, லூசு"
என்றாள் பவளக்கொடி, விரிப்புகளை எண்ணிக்கொண்டே.
ஒருநாளாவது எனக்காகச் சுடட்டுமே என்று
சொல்லியிருக்கலாம்.
பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது.

சட்டைக்கு மேலேயே கிமோனோ சுற்றியிருந்த நேப்பாளிப் பையன்
இடுப்பு வரை குனிந்தான்.
அடையாள அட்டை கேட்டான். முன்பணம் ஐம்பது.
உடம்பில் பச்சை குத்தியிருக்கிறதா, அக்கா?
இருந்தால் குளத்தில் விடமாட்டோம்,
ஜப்பானில் அப்படித்தானாம்.
அவனும் ஜப்பானைப் பார்த்ததில்லை.

இடது கையை நீட்டினேன்.
பத்தொன்பது வயதில், சௌக்கிட்டில் குத்திக்கொண்ட பெயர்.
நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து
எழுத்தெழுத்தாக வரைந்தான் அந்தச் சீனன்.
கடைசி எழுத்தின் தலைப்புள்ளி மட்டும்
காகிதத்து அழுக்கென்று பட்டிருக்க வேண்டும் அவனுக்கு.
'இளமாறன' என்று நிற்கிறது,
முடியாமல், இழுத்துக்கொண்டு.
ஆள் போய் ஆறு வருடம்.
ஜொகூரில் இருக்கிறான். நன்றாகவே இருக்கிறான்.

பையன் இழுப்பறையைத் துழாவி
தோல் நிறப் பட்டை ஒன்றை எடுத்தான். இரண்டு வெள்ளி.
யாருடைய தோலோ.
என் கையில் மாரி பிஸ்கட்டை ஒட்டியது போலிருந்தது.

துணி கூடாது.
குட்டை முக்காலியில் உட்கார்ந்து
தேய்த்துக் குளித்த பின்பே குளத்தில் இறங்கவேண்டும்.
குளிப்பதற்காகக் குளித்தேன்.
சுவரில் பனிமலைப் படம்,
அடிவாரத்தில் தாள் பிரிந்து சிமென்ட் தெரிந்தது.
தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான். பொடி கலந்திருக்கிறார்கள்.
சலவைக்காரி மூக்கிடம் அதெல்லாம் நடக்காது.
ஆனாலும் கழுத்துவரை இறங்கியபோது
ஐயோ என்று ஒரு சத்தம் கேட்டது.
என் குரல்தான்.

எதிரே ஒரு சீன ஆண்ட்டி,
தலையில் மடித்த துண்டு, கண் மூடியிருந்தாள்.
வலது பக்கம் மார்பிருந்த இடத்தில்
நீளமாகத் தையல் கோடு.
நான் விட்டத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை,
ஒரு காற்றாடி, ஒரு பல்லி.

எப்போது கழன்றதோ தெரியவில்லை,
பட்டை மிதந்து போய் அவள் தோளில் ஒட்டிக்கொண்டது.
எடுத்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.
"புருஷனா?" மலாயில்.
"முன்னாடி."
"அழகான எழுத்து."
"தப்பு ஆண்ட்டி. இங்கே ஒன்று குறைகிறது"
என்று ஈரவிரலால் புள்ளி வைத்துக் காட்டினேன்.
"எனக்கும்தான்" என்றாள்.

சிரித்தது அவள்தான் முதலில்.
தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது.
பட்டையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி
"ஒட்டாத சாமான். கீழே போய்க் காசைத் திருப்பிக் கேள்" என்றாள்.
பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் நானும்.

இரட்டைக் கட்டிலில் குறுக்காகப் படுத்தேன்.
கைகால் எங்கே முடிகிறது என்றே தெரியாத தூக்கம்.

ஏழு மணி ஷிப்டுக்கு ஐந்தேகாலுக்கே எழுந்து
பழக்கதோஷத்தில் விரிப்பை உருவி
மூலையோடு மூலை சேர்த்து
நான்காய் மடித்து, தட்டிக்கூட வைத்துவிட்டேன்.
கதவு வரை போனவள்
திரும்பி வந்து
அதை உதறிக் கலைத்துப் போட்டுவிட்டு
லிப்டுக்கு நடந்தேன்.