பதினொன்றாம் ஷரத்து

அரையிறுதி ஏழு மணிக்கு.
ஆறேமுக்காலுக்கு
நான்கு நிறத்துப் பனியனில் நாற்பத்தாறு பேர்
மேட்டின் ஓரமாக உட்கார்ந்தோம்.
நாற்பத்தெட்டு இருக்க வேண்டும்.
ஒருவனுக்கு முட்டி.
இன்னொருவனின் மாமனார் மில்லில் கணக்கெழுதுகிறார்.

விளக்கு முழுக்க எரிந்தது.
ஈசல்கள் மட்டும் ஆடின.
மன்னார்குடி கேலரி முதலில் விசிலடித்தது,
பிறகு கைதட்டியது,
பிறகு காசைத் திருப்பிக் கேட்டது.
நியாயம்தான்.
அவர்கள் கொடுத்தது அவர்களுக்குத் தெரியும்,
எங்களுக்கு வந்தது எங்களுக்குத் தெரியும்.

நாடிமுத்துவின் முட்டியில் ஆரம்பித்தது எல்லாம்.
போனஸ் கோட்டில் கால் வைத்துத் திரும்பினான்,
முருங்கைக் கொப்பு முறிந்த மாதிரி சத்தம்.
மறுநாள் காலை அணியின் வாட்ஸ்அப் குழுவில்
'நாடிமுத்து நீக்கப்பட்டார்'
என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். ஆங்கிலம்.
தனிஸ்லாசின் தங்கை, பி.காம். இரண்டாம் வருஷம்,
நீடாமங்கலம் பஸ்ஸில் நின்றபடி படித்துச் சொன்னாள்:
ஷரத்து பதினொன்று.
ஆட முடியாமல் போகும் நாளிலிருந்து
ஆட்டக்காரர் ஆட்டக்காரர் அல்ல.
கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது,
என்னுடையது கொஞ்சம் அழகாகவே.

அரிசி ஆலை, நகை மாளிகை,
சீட்டுக் கம்பெனி, எலும்பு மருத்துவமனை:
இவைதான் நான்கு அணிகளின் முதலாளிகள்.
நாடிமுத்து ஆடியது மருத்துவமனைக்காக.
கவிதைக்காக இதைச் சொல்லவில்லை.

மில் ஆபீசில் டீயும் தேங்காய் பிஸ்கட்டும் வந்தன.
"நீங்கள்லாம் எங்க வீட்டுப் பிள்ளைங்கப்பா."
பக்கிரிசாமி கேட்டான்,
"டிவிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"
"பிள்ளைங்க அப்பன்கிட்ட கணக்குக் கேக்குமா?"
விசிறி சுற்றியது. பிஸ்கட்டை யாரும் தொடவில்லை,
நான் ஒன்று எடுத்தேன், பசி.

நாங்கள் கடைமடைக்காரர்கள்.
வாய்க்கால் காய்ந்தால்
வானத்தைப் பார்த்து நிற்கிற பழக்கமில்லை.
ராத்திரியில் டார்ச்சோடு கரை பிடித்து மேலே நடப்போம்,
எந்த மதகில் எவன் பலகை போட்டிருக்கிறான் என்று
கண்ணால் பார்க்க.
அவ்வளவுதான் கேட்டோம்.
நோட்டைக் காட்டுங்கள்.

ஏழேகாலுக்கு ஒரு வேன் வந்தது.
கல்லூரி விடுதிப் பையன்கள் பதினான்கு பேர்,
எங்களுடைய மாற்றுப் பனியன்களில்.
என் பெயர்
ஓர் ஒல்லிப் பையனின் முதுகில் தொளதொளவென்று நடந்துவந்தது.
எங்கள் கால்களைத் தாண்டித்தான் அவன் உள்ளே போக வேண்டியிருந்தது.
"மன்னிச்சுக்குங்கண்ணே" என்று
ஒவ்வொரு காலுக்கும் சொன்னான்.

நடுக்கோட்டில் நின்றான். விசில்.
கபடி, கபடி.
என் வலதுகை தானாக எழுந்தது.
பதினோரு வருஷமாகக் கணுக்கால் பிடிக்கிற கை,
அதற்கு வேலைநிறுத்தம் புரியவில்லை.
தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

மூன்றாம் கபடியில் அவன் மூச்சு விட்டுவிட்டான்.
எதிரில் யாரும் பிடிக்க வரவில்லை,
அவனாகவே நின்றான்.
"ஐந்நூறு ரூபா தரேன்னாங்கண்ணே."
"எங்களுக்கும் மொதல்ல அதான் சொன்னாங்க"
என்றான் ஜபருல்லா,
நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டான்.

பதினொன்றரைக்கு மருத்துவமனைக்காரர்
ஷரத்து பதினொன்றின் மேல்
நீலப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.
நோட்டு வரவில்லை.
அது மாமனார் வீட்டில் இருப்பதாகவும்
அவர் தூங்கிவிட்டதாகவும் சொன்னார்கள்.
எங்களில் பாதிப் பேர் அதற்கும் தலையாட்டினார்கள்,
மறுநாள் ஆட்டம் இருந்தது.

திரும்பும்போது வேனில் போன் மினுங்கியது.
'நாடிமுத்து சேர்க்கப்பட்டார்.'
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு எழுதினான்:
யாருடா ஜெயிச்சது?

எல்லோர் பெயருக்கும் கீழே
தட்டச்சு செய்கிறார் என்று வந்தது,
போனது,
வந்தது.