பொழுது சாயுமுன்

வெள்ளிக்கிழமை காலை
ஏழாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்:
கூலிக்காரன் கூலி உன் வீட்டில் இரவு தங்கக் கூடாது.
கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அதில் ஒரு சந்து உண்டு, அதையும் சொன்னேன்:
அவன் கேட்காவிட்டால் உன்மேல் குற்றமில்லை.
பெர்லா குதெல்மன் பென்சிலைக் கடித்துக்கொண்டே
"கேட்கக் கூச்சப்பட்டால், டீச்சர்?" என்றாள்.
மணி அடித்தது.
நல்லவேளை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தால்
சமையலறை ஜன்னல் விளிம்பில் ஈரம் காயாத சிமென்ட்.
எலியூதேரியோ பூசி முடித்து
தரையையும் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.
"திங்கட்கிழமை தந்தால் போதும் அம்மா,"
நேற்றே சொல்லியிருந்தார்.
சொல்லும்போது பார்த்தது என்னை அல்ல,
தன் காலணியை.

ஜூலை. புவனோஸ் ஐரிஸில் குளிர்காலம்.
ஐந்தரைக்கெல்லாம் விளக்கேற்றிவிட வேண்டும்.
மேசையில் இரண்டு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி,
துணி மூடிய ரொட்டி.
மணி நாலேகால்.

பணத்தை எண்ணினேன்,
கதவைப் பூட்டக்கூட மறந்து ஓடினேன்.
பேருந்து தேர் போல அசைந்தது.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
சூரியன் ஒரு மாடி இறங்கியது.

தகரக் கதவைத் திறந்தது அவர் மனைவி.
தூங்குகிறார் என்றாள்.
நோட்டுகளை இருமுறை எண்ணினாள்,
என் கண் முன்னாலேயே, தயங்காமல்.
எண்ணி முடித்ததும் உள்ளே திரும்பி
மகனைக் கடைக்கு விரட்டினாள்:
"எண்ணெய். அரிசி.
அப்படியே கேஸ்காரன் பாக்கியையும் கொடுத்துவிடு."

அவள் தலைக்கு மேலே
கூரை விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்பும் போயிற்று.

ஓய்வுநாள் பிறந்துவிட்டது.
இனி வண்டி ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது.
கைப்பையை அவளிடமே விட்டு
அறுபது தெரு நடந்தேன்,
வேலை போனவள் மாதிரி வெறுங்கையை வீசிக்கொண்டு.

லிஃப்டும் கூடாது. நாலு மாடி.
இருட்டில் ரொட்டியைத் தடவிக் கண்டுபிடித்தேன்.
ஒரு கட்டளையை எட்டிப் பிடித்த கையிலிருந்து
இன்னொன்று நழுவியிருந்தது.

விளக்கேற்றத் தவறியவள்
அதன்பின் ஆயுளெல்லாம்
ஒரு திரி கூட்டி ஏற்றவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.
வெள்ளிதோறும் என் மேசையில் மூன்று எரிகின்றன.
மூன்றாவது யாருக்கு என்று விருந்தாளிகள் கேட்பார்கள்,
இறந்துபோன குழந்தையோ என்று
குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஜன்னலைக் காட்டுவேன்.

மழை பெய்தால்
அது இப்போதும் ஒழுகத்தான் செய்கிறது.