ஆண்டறிக்கை, பக்கம் நான்கு

மூன்றாம் தெருவில் இருநூற்றுப் பதினான்கு மீட்டர்
குடிநீர்க் குழாய் மாற்றப்பட்டது.
தோண்டியபோது கிடைத்தது மரக்குழாய்:
கம்பி சுற்றிய தேவதாரு.
இத்தனை காலமும் அதன் வழியாகத்தான்
எல்க்வேல் பல் துலக்கியிருக்கிறது.
ஒரு துண்டை எடுத்துவந்து
என் மேசையில் காகிதங்களின் மேல் வைத்திருக்கிறேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை பூசினோம்.
பூசியவர் ஊர்ப்பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு
இறங்கிவிட்டார்.
மறுபடி ஏற ஆயிரத்து நானூறு டாலர்.
நான்குக்கு மூன்று வாக்கில் ஏற்றினோம்.
எதிர்த்த மூவரில் ஒருவர் டாரல் வீபே.
அவர் எதையும் எதிர்ப்பார்.
கிறிஸ்துமஸ் விளக்குகளை எதிர்த்தார்.
நன்றித் தீர்மானத்தை எதிர்த்தார்,
நன்றி அவருக்குத்தான் என்பது தெரிந்தும்.

பனிச்சறுக்கு அரங்கின் குளிரூட்டி
இன்னொரு குளிர்காலம் தாங்கும் என்கிறார் ஓரெஸ்ட் ஹலுஷ்கா.
போன ஆண்டும் அதையேதான் சொன்னார்.
‘நல்ல நிலையில் உள்ளது’ என்று தட்டச்சு செய்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் புதிதாக இரண்டு வரிசை
அளந்து கல் நட்டாயிற்று.
எதிர்காலத் திட்டங்களில்
விவாதமே இல்லாமல் நிறைவேறியது அது ஒன்றுதான்.
வீபே கூடக் கை தூக்கினார்.
மேயர் ஃப்ரீசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மக்கள்தொகை அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஐந்தாண்டுத் திட்டம் எழுநூறு பேருக்கு.
மீதி எண்பத்தெட்டுப் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று
இந்த மாகாணத்தில் எவரும் கேட்பதில்லை.
அவர்களுக்கு வாங்கிய குப்பைத்தொட்டிகள் முப்பத்தாறு
கிட்டங்கியில் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன.

பக்கம் நான்கு. நடைபாதை.

அஞ்சலகத்தில் தொடங்கி மேற்கே போட்டுக்கொண்டே போனோம்.
பணம் தீர்ந்த இடத்தில் பாதையும் தீர்ந்தது.
அதற்கப்பால் பதினோரு மீட்டர் சரளை.
அதற்கப்பால் வெர்னா பெல்ட்டியேயின் வாசல்,
அவருடைய சக்கர நாற்காலி.

வெர்னா கூட்டத்துக்கு வந்தார்.
இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்,
ஏனென்றால் நகராட்சிச் சாய்தளம் 2027-இல் வருகிறது.
‘அடுத்த ஆண்டு என்றால் எத்தனை மாதம்?’
அவ்வளவுதான் கேட்டார்.
யாரோ பதினெட்டு என்றார்கள்.
கூடுதல் நிதி கேட்ட தீர்மானம் தோற்றது.
தோற்கடித்த வாக்கு யாருடையது என்று
எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர், உறைபனிக்கு முந்தைய வாரம்.
ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போனவர்கள் பார்த்தார்கள்:
பதினோரு மீட்டரும் கான்கிரீட்.
ஓரம் வழித்து, ஈரச் சாக்குப் போர்த்தி,
குறுக்கே ஒரு நாயின் தடம்
மும்மூன்றாக.

தீர்மானம் இல்லை. ஒப்பந்தப்புள்ளி இல்லை.
எனக்கு ஒரு ரசீதும் இல்லை.
காப்பீட்டுக்காரர் தொலைபேசியில் கத்தினார்.
ரெஜைனாவிலிருந்து பொறியாளர் வந்து துளையிட்டு அளந்தார்.
விதிப்படி நூறு மில்லிமீட்டர்.
இருந்தது நூற்றுப் பதினைந்து.
‘நீங்கள் போட்டதைவிட நன்றாயிருக்கிறது,’ என்றார்.
போகிற போக்கில்,
‘நாய்க்கு என்ன ஆயிற்று?’ என்றும் கேட்டார்.

அறுவடை இயந்திரத்தில் கால் போன நாய்
இந்த ஊரில் ஒன்றே ஒன்று.
அக்டோபர் கூட்டத்தில் நாங்கள் அத்தனை பேரும்
மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அதுவோ மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

இனிச் செய்ய வேண்டியவை: நூலகக் கூரை,
ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் மூன்று விளக்குகள்,
குளிரூட்டி (ஓரெஸ்டைக் கேட்டு).
செய்து முடித்தவற்றில் கடைசி வரி:
நடைபாதை, பதினோரு மீட்டர், செலவு இல்லை.
‘செய்தவர்’ என்ற கட்டத்தை
இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் முதல்முறையாகக்
காலியாக விட்டேன்.

அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது.
ஏழுக்கு ஆறு.
நான்காம் பக்கத்தில் விவரம் முழுமையாக இல்லை
என்று எதிர்த்தார் வீபே.