அறுநூறு பிணைச்சல்

கொட்டகலைப் பட்டறைக்கு ஒரு கடிதம்:
கவச வண்டிக் கதவுக்குப் பிணைச்சல், அறுநூறு.
"இனி எல்லாம் நாமளே செய்யிறதாம்"
என்றான் புவனேந்திரன்,
தேயிலை ரோலருக்குப் பல் வெட்டும் கையைச்
சாக்கில் துடைத்தபடி.

உருக்கு கப்பலில் வந்தது.
வரைபடம் யாருடையதோ, அளவெல்லாம் அங்குலத்தில்;
மில்லிமீட்டருக்கு மாற்றியது நான்,
பில் புத்தகத்தின் பின்னட்டையில்.
மின்வெட்டு மட்டும் உள்ளூர்ச் சரக்கு.

நாற்பது திரும்பி வந்தன. மயிரிழை பிசகாம்.
மீதிக்குக் காசு அடுத்த பட்ஜெட்டில்.
அந்தப் பட்ஜெட்டும்
மழையோடு மழையாய்ப் போனது.

திரும்பியதில் இரண்டைத் தன்
லயத்துக் காம்பராக் கதவுக்குப் போட்டான்.
ரவை பட்டாலும் அசையாத பிணைச்சல்.

நேற்று அவனைக் கூப்பிடப் போய்க் கதவை இழுத்தேன்.
பிணைச்சல் அப்படியே நின்றது.
பலகைதான்
ஊறிப்போய்க் கையோடு வந்தது.