இடம்பெயர்ந்த வரிசை

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம்
ஏழாம் பக்கத்தில் கேட்கிறது:
உமது ஆய்வால் சமூகம் அடைந்த பயன் யாது?
நூறு சொற்களுக்கு மேற்படாமல்.

நான் நிமிடங்களை எண்ணியவள்.
அதற்கு முன் சின்ன வெங்காயத்தின் விலையை எண்ணினேன்,
அது எவருக்கும் பிடிக்கவில்லை.
பிறகு வேலணைப் பிரதேச செயலகத்தில்
ஒரு கதிரை கேட்டு வாங்கி
மின்விசிறிக்குக் கீழே இருந்தேன்.
வந்த நேரம், போன நேரம்,
இடையில் எத்தனை தரம் "நாளைக்கு வாங்கோ".
பெயர் எழுதவில்லை, இலக்கம் மட்டும்.
பதினான்கு மாதம்,
இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினொரு பேர்.

பின்பு இணையம் வந்தது.
பிறப்புச் சான்றிதழ் இனி விரல் நுனியில் என்று
சுவரொட்டியில் ஒரு விரலையும் வரைந்திருந்தார்கள்,
நகம் வெட்டிய, வெள்ளையான விரல்.
மறுபடி போய் இருந்தேன்.
கதிரைகள் வெறுமை.
மின்விசிறி தனக்குத் தானே வீசிக்கொண்டிருந்தது.

காத்திருப்பு நாற்பத்தொரு சதவீதம் குறைந்தது
என்றது சமன்பாடு.
லிஸ்பனில் ஒரு மண்டபம் கைதட்டியது.
இரவல் குளிர்ச்சட்டைக்குள் நின்று
நானும் கொஞ்சம் தட்டினேன்.

அடுத்த தை மாதம்
குறிகட்டுவான் பஸ்
வங்களாவடிச் சந்தியில் பழுதாகி நின்றது.
இறங்கினால்,
சஜீவன் கொமினிகேசன் வாசலிலிருந்து
தபால் பெட்டி வரைக்கும் செருப்புகள்.
தங்கள் இடத்தில் செருப்பை நிறுத்திவிட்டு
ஆட்கள் மதில் நிழலில் நின்றார்கள்.
நீலக் குடை பிடித்த அந்த மனுசியை எனக்குத் தெரியும்.
ஆயிரத்து நானூற்றெட்டு.

"கந்தோருக்கு இப்ப ஆர் மிஸ் போறது?
விடியவெள்ளண துவங்கி இஞ்சதான் நிக்கிறன்.
இருநூற்றைம்பது எடுப்பான்.
பாஸ்வேர்ட்டும் அவனிட்டத்தான் கிடக்கு."

கிடந்தது.
அரைத் தீவின் கடவுச்சொற்கள்
எண்ணெய் பிடித்த ஒரு சீஆர் கொப்பியில்.
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்
என்று கணினி கேட்கும் இடத்தில்
எல்லாருக்கும் ஒரே பதில் போட்டு வைத்திருந்தான்:
வீமன்.
மேசைக்குக் கீழே படுத்திருந்த வீமன்
தன் பெயர் கேட்டு ஒரு காதை மட்டும் தூக்கியது.

வரிசை ஒழியவில்லை, இடம்பெயர்ந்திருந்தது.
இடம்பெயர்வதென்றால் என்னவென்று
இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
பத்து வயதில்
ஒரு தையல் மெசினின் தலையைச் சுமந்துகொண்டு
நாவற்குழிப் பாலம் கடந்தவள் நான்.
எனக்குத்தான் தரவில் தெரியாமல் போயிற்று.

சோடாப் பெட்டியைக் கவிழ்த்துத் தந்தான் சஜீவன்.
அதில் இருந்து திரும்ப எண்ணினேன்.
அந்தக் கட்டுரையை நான்கு ஆய்விதழ்கள் திருப்பின;
"ஒரே ஒரு கடை" என்று எழுதியது ஒன்று.
இதுவரை இரண்டு மேற்கோள்,
இரண்டும் என்னுடையவை.
முதற் கட்டுரை இன்னும் ஓடித் திரிகிறது.
முந்தநாள் நைரோபியிலிருந்து ஒருவர்
நாற்பத்தொன்றுக்கு நன்றி எழுதியிருந்தார்.

திருநெல்வேலியில் கரண்ட் போய் வந்து போகிறது.
நூறு சொல்லில் இவ்வளவுதான் எழுதினேன்:
குறையவில்லை. நகர்ந்தது. பார்க்கப் பிந்திவிட்டேன்.
மீதிச் சொற்களை யோசித்துக்கொண்டிருக்கையில்
நேரம் கடந்துவிட்டதென்று திரை என்னை வெளியே தள்ளி
நான் நான்தானா என்று கேட்கிறது:
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்?

நான் ஒருநாளும் நாய் வளர்த்ததில்லை.
வீமன் என்று அடித்தேன்.
திறந்தது.