பாலூத்துறவன்

ஆண் என்று சொல்லித்தான் விற்றிருக்கிறான் கடைக்காரன்.
ஜூலை பதினொன்றில் அது ஏழு பெற்றது.

வீட்டார் லண்டன் போய் நான்கு நாள்.
கராஃபாவின் அந்தப் பெரிய வீட்டில்
ஏசியையும் என்னையும்
ஓடவிட்டுப் போயிருந்தார்கள்.
"ஆண்டி, தினம் விதை போடு" என்றிருந்தாள்
நூஃப், எட்டு வயது முதலாளி.
பாஸ்போர்ட்டில் முத்திருளாண்டி.
முன்பாதியை தோஹா ஏர்போர்ட்டிலேயே கழற்றிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் தாய் ஹாம்ஸ்டர்
சக்கரத்தின் அடியில் விறைத்துக் கிடந்தது.
கண் திறக்காத ஏழும்
அதன் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தன.

சிரியாக்கார டாக்டர் போனில் சொன்னார்:
மாட்டுப்பால் ஆகாது.
பூனைக்குட்டிப் பால்பவுடர், டப்பா அறுபத்தெட்டு ரியால்.
இரண்டு மணிக்கொரு தடவை. ராத்திரியும்.
மல்லாத்திப் பிடிக்காதே, நுரையீரலுக்குள் போய்விடும்.
குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றை வருடு,
தாய் நக்குவதுபோல. இல்லையென்றால் மூத்திரம் இறங்காது.
எத்தனை பிழைக்கும்?
"உனக்குத் தூக்கம் எவ்வளவு பிடிக்கும் என்பதைப் பொறுத்தது."

என் இன்சுலின் சிரிஞ்சு ஒன்றின் ஊசியை
இடுக்கியால் பிடுங்கினேன்.
தோட்டக்கார மோஃபிஸ் தன் சைக்கிள் வால்வு டியூபில்
நெல்மணி நீளம் வெட்டித் தந்தான்.
முனையில் மாட்டினேன்.
காம்பு.

வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே இவை குளிரில் நடுங்கின.
ஏசியில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை.
மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்
ஜூலையில் கொதித்தபடியேதான் குழாயில் இறங்கும்.
பாட்டிலில் பிடித்துத் துண்டு சுற்றி
பக்கத்தில் படுக்கவைத்தேன்.
அந்த வெயிலிடம் அன்றுதான் ஒரு வேலை வாங்கினேன்.

வீடியோ காலில் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்:
"எலிக்கா பாலூத்துற?"
எங்கள் பக்கம் பாலூத்துவது
இழுத்துக்கொண்டு கிடப்பவர் வாயில்.
எலிக்கென்றால் பொறிதான், உள்ளே கருவாட்டுத் துண்டு.
நானே வைத்திருக்கிறேன்.
காலையில் அதைச் சாக்கில் கொட்டி
சரி, விடு.

முதல் ராத்திரியே இரண்டு போயின.
மூன்றாம் நாள் இன்னொன்று,
தூக்கக் கலக்கத்தில் நான் அழுத்திய அழுத்தில்
பால் மூக்கால் வந்து.
பேரீச்சை மரத்தடியில் மோஃபிஸ் குழி தோண்டும்போது
"சீக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மிச்சம் நான்கும் கண் திறந்தன.
மேலிருந்து பிடிக்காதே,
மேலிருந்து வருவதெல்லாம் அவற்றுக்குப் பருந்து.
கையை மலர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இரு.
இருந்தேன், அரைமணி, முக்கால்மணி, தோள் மரக்க.
ஒரு நாள் ஒன்று
என் கட்டைவிரல் நகத்தைக் கொறித்துப் பார்த்து
அங்கேயே சுருண்டு தூங்கிவிட்டது.
எனக்குத் தும்மல் வந்தது.
பதினேழு வருட ஓட்டத்தில்
எந்த பிரேக்கையும் அத்தனை மெதுவாக மிதித்ததில்லை.

அப்போதுதான் உறைத்தது,
இவை தப்பான கைக்குப் பழகுகின்றன.

துவைக்கப் போட்ட கூடையில்
நூஃபின் அழுக்குக் காலுறை ஒன்று கிடந்தது.
சண்டை தொடங்கி நான்கையும் தனிப்பெட்டியாக்கியபோது
அதை நான்காகக் கத்தரித்துப் போட்டேன்.
அதன்மேல் தீனி. அதன்மேல் தூக்கம்.
நான் எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டே தொட்டேன்,
யாருடையதும் அல்லாத கையால்.

ஆகஸ்ட் முப்பது.
காலணிகூடக் கழற்றாமல் ஓடினாள்.
ஒவ்வொன்றாய் அவள் உள்ளங்கையில் ஏறின,
முழங்கை வரை மோந்துகொண்டே போயின.
"என்னை எப்படித் தெரியும் இதுங்களுக்கு, ஆண்டி?"
"தெரியல பேபி."
மேடம் ஒரு பெரிய சாக்லேட் பெட்டி தந்தார்.
எனக்குச் சர்க்கரை என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது.
மோஃபிஸ் ஒரு வாரம் தின்றான்.

மறுநாள் வண்டி கழுவிவிட்டு
ஷாம்பு வாசத்தோடு விரலை நீட்டினேன்.
கடித்தது.
நல்ல கடி, ரத்தம் பொட்டாய் நின்றது.
வீணாக்குவானேன் என்று
மீட்டரில் பட்டியைச் செருகித் தொட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் நூற்று நாற்பத்தெட்டு.
பரவாயில்லை.